மாஸ்ரரின் வலுவேறாக்கம்

வீட்டு முன்கதவுப் பூட்டின் திறப்பை வைத்திருப்பவரிடம் சாமான் அலுமாரித் திறப்பையும் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. ஏனென்று கேட்டால், "இண்டைக்கு அவர் நல்லவர்தான். நாளைக்கு?" என்பார். நாளைக்கும் அவர் நல்லவராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். "நல்லவருக்கு ஒரு திறப்புக் காணும்தானே தம்பி," என்றார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்ரர் என்றால் அவர்தான். 1975இல் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு நடக்கக்கூடிய தூரத்தில், பழைய செங்கல் வீடொன்றில் ஆறு பேர் சேர்ந்து இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்தார். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் தயாபரன். பொறியியலாளர், குரல் பெரிசு. பாலாவுக்கு நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. நேசன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருந்தான். குகன்தான் எல்லாருக்கும் இளையவன், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க வந்தவன். நான் ஒரு நில அளவைக் கம்பனியில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மாஸ்ரர் எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பிளாக்டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்தார்.

ஊரில் அவர் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவர். அமெரிக்க அரசியல் யாப்பு அந்தப் பாடத்தில் ஒரு சிறு பகுதி. மற்ற வாத்திமாருக்கு அது சோதனையில் வரக்கூடிய ஒரு கேள்வி. இவர் அதற்குள் போய்க் குடியிருந்துவிட்டார். சிட்னிக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த பெட்டியில் உடுப்பு கொஞ்சம், புத்தகம் மிச்சம். புத்தகம் எல்லாம் இருநூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்காவைப் பற்றியது.

ஒல்லியான, நெடிய மனிதர். யாராவது பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் "ஆர் சொன்னது?" என்பார். பாண் விலை ஏறப்போகிறது என்றாலும் அதே கேள்வி, ஊரில் இன்னாருக்குக் கல்யாணம் பேசியாயிற்று என்றாலும் அதே கேள்வி. சொன்னவரின் பெயரைச் சொன்னால், "அவருக்கு ஆர் சொன்னது?" இரண்டாவது கேள்வியோடு அநேகமான செய்திகள் செத்துப்போகும்.

அந்த வீட்டை அவர் அமெரிக்க முறையில் நடத்த வைத்தார் என்றால் சிரிப்பீர்கள். வலுவேறாக்கம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு சொல் வரும். சட்டம் ஆக்குகிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்லுகிறவர் மூவரும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. எங்கள் குசினியில் அது இப்படி நடந்தது: என்ன சமைப்பது என்று எல்லோரும் கூடித் தீர்மானிப்போம். சமைக்கிறவர் சமைப்பார். உப்புக் கூட, புளி காணாது என்று சொல்லும் உரிமை சமைக்காதவருக்கு மட்டும். "மூண்டும் ஒரே ஆளிட்டப் போனால், அது தயாபரனா இருந்தாலென்ன முருகனா இருந்தாலென்ன, பிறகு நாங்கள் குடுக்கிறதைத் தின்னவேண்டியதுதான்," என்பார். தான் தீர்ப்புச் சொல்லும் பக்கம் இருக்க விரும்புவதாகவும், ஆகவே தான் சமைப்பதில்லை என்றும் முதல் மாதமே அறிவித்துவிட்டார். அது நல்ல தந்திரமாக இருக்கிறதே என்று பாலா சொன்னான். மாஸ்ரருக்குக் கோபம் வரவில்லை. பாலா தன்னைச் சந்தேகிப்பது மிகச் சரியென்றும் அப்படித்தான் சந்தேகிக்கவேண்டும் என்றும் சொல்லி, அன்றிலிருந்து கோப்பை கழுவும் வேலை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்திலும் இதுதான் கதை. வீட்டோ என்ற தடுப்பதிகாரம் என்னவென்று விளக்க, வகுப்புப் பிள்ளைகளை வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று முடிவாயிற்று. இவர் தலைவர் என்ற முறையில் அதை வீட்டோ செய்தார். மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் வீட்டோவை மீறலாம் என்பதையும் அவரே அல்லவா படிப்பித்திருந்தார்? பிள்ளைகள் மறுபடி வாக்கெடுத்து மீறிவிட்டார்கள். ஒரு கிழமை முழுக்க அந்த வகுப்புக்கு வீட்டுப்பாடம் இல்லை. அதிபர் கூப்பிட்டு விசாரித்தபோது, சட்டப்படி தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். இதை எங்களிடம் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு மனைவி இருந்தாளா, விட்டுவிட்டு வந்தாரா, செத்துப்போனாளா என்று எங்களுக்குத் தெரியாது. பாலா நேரே கேட்டான். எந்த மனிசனும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை, அது ஐந்தாவது திருத்தம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பல கதைகள் உலாவின. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

ஒரே ஒருமுறை மட்டும் இந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று கொஞ்சம் காட்டினார். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, பற்றிப் பேச்சு வந்தது. எங்களுக்கு அது ஊர்க் கட்சிக் கூட்டங்களில் கேட்டுப் பழகிய சொல். மாஸ்ரர் சொன்னார், அமெரிக்காவில் மாநிலங்கள் நடுவரசை நம்பவில்லை, நடுவரசு மாநிலங்களை நம்பவில்லை, அந்த அவநம்பிக்கையை இரண்டு தரப்பும் மறைக்காமல் எழுதி வைத்தபடியால்தான் அந்த வீடு இன்னும் நிற்கிறது என்று. பிறகு, "எங்கட யாப்பிலையும் இருபத்தொன்பதாம் பிரிவு எண்டு ஒரு பூட்டு இருந்தது. சிறுபான்மைக்குப் பாதகமாச் சட்டம் போடேலாது எண்டு. நான் அதை வருசா வருசம் கரும்பலகையில எழுதிப் படிப்பிச்சனான். எழுபத்திரண்டில புது யாப்புக்குக் கை உயர்த்தினவை. அடுத்த நாள் பூட்டைக் காணேல்லை," என்றார். "கை உயர்த்தினவையில கனபேர் நல்ல மனிசர்," என்றும் சொன்னார்.

இனிக் குகனின் கதைக்கு வருகிறேன்.

குகனின் படிப்பு முடிந்து, விசாவும் முடிந்து, அவன் போகாமல் நின்றுவிட்டான். ஓபர்ன் பக்கம் மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் அவன் அனுப்புவதை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் விசயம் தெரியும். வெளியில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பின்வளவில் குகன் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். குடிவரவு அதிகாரிகள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

கதவைத் திறந்த தயாபரன் பின்னுக்கு வந்துவிட்டார். மாஸ்ரர் முன்னுக்குப் போய், அவர்களுடைய அடையாள அட்டையையும் கையில் இருந்த பத்திரத்தையும் வாங்கி, வாசற்படியிலேயே நின்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். வந்தவர்களில் இளையவர் கால் மாற்றி நின்றார். மாஸ்ரர் அவசரப்படவில்லை. வாசித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்வளவுக்குப் போனார்.

"தம்பி, அவையள் சரியாத்தான் வந்திருக்கினம். நான் பிழை தேடிப் பார்த்தனான், இல்லை. உடுப்பை எடுத்துக்கொண்டு போம். நான் ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

சொன்னபடி பிடித்தார். பயனில்லை. சில கிழமைகளில் குகனை விமானம் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வருடம் அரசாங்கமே அப்படித் தங்கியிருந்தவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் எரிகிறது. அதுவரை அவன் எங்காவது ஒளிந்திருந்தால் தப்பியிருப்பான்.

ஆனால் அவனைக் காட்டிக் கொடுத்தது யார் என்ற கேள்வி விமானத்தில் போகவில்லை. அது எங்களோடு வீட்டில் தங்கிவிட்டது.

முதலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கிழவர், பால்காரன் என்று வெளியில் தேடினோம். பிறகு பார்வை மெல்ல மெல்ல என் பக்கம் திரும்புவதை உணர்ந்தேன். நான் உள்ளே வந்தால் குசினியில் பேச்சு நிற்கும். நேசன் எப்போதும் என்னோடுதான் ஸ்டேஷனுக்கு நடப்பான்; அவன் முந்திய ரயிலுக்குப் போகத் தொடங்கினான். தொலைபேசியில் நான் பேசும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து ஏதோ தேடிக்கொண்டிருப்பார்.

காரணம் இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்திய புதன்கிழமை நான் நகரத்தில் குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் தங்கச்சியை இங்கே எடுப்பிக்க வழியுண்டா என்று விசாரிக்கப் போனது. நடக்கமுன் சொன்னால் கண்ணூறு படும் என்று அம்மா எழுதியிருந்தா. நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டில் தயாபரன் தற்செயலாகக் கேட்டபோது, நாள் முழுக்க வேலையில் நின்றதாகச் சொல்லிவிட்டேன். நான் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வந்ததைப் பாலா எதிர்ப்புறத்தில் நின்று கண்டிருக்கிறான்.

குகன் போய்ச் சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிய, தயாபரன் எல்லோரையும் ஹோலில் இருக்கச் சொன்னார். சிட்னியில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். இந்த வீட்டிலிருந்து இந்தக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டால் வேறு எந்த வீட்டுக் கதவும் திறக்காது. செய்தி ஊருக்குப் போகும். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிறவர்கள் காதுக்கும் போகும்.

தயாபரன் சுற்றிவளைக்கவில்லை. வீட்டாருக்குச் சொல்லாமல் அரசாங்க அதிகாரிகளோடு தொடர்பு வைப்பவர்கள் இந்த வீட்டில் இருக்கமுடியாது என்று ஒரு விதி போடவேண்டும், அதன்படி நான் போகவேண்டும் என்றார். பாலாவும் நேசனும் தலையாட்டினார்கள்.

மாஸ்ரர் தலையைச் சாய்த்தபடி கேட்டார். "இந்த விதி எப்ப வந்தது?"

"இப்பதான் போடுறம்."

"அவர் போனது?"

"குகனைப் பிடிக்கிறதுக்கு முந்தின புதன்."

"அப்ப இது அவருக்குப் பொருந்தாது. செய்து முடிஞ்சதுக்குப் பிறகு சட்டம் போட்டு ஒருத்தரைப் பிடிக்கேலாது. அதை அவங்கள் அமெரிக்கன் யாப்பிலயே அடிச்சு மூடி வைச்சிருக்கிறாங்கள்."

இது அமெரிக்கா இல்லை, ஸ்ட்ராத்ஃபீல்ட் என்று தயாபரன் சொன்னார். பாலா சிரித்தான். மாஸ்ரர் அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்துவிட்டு, சரி, விதி வேண்டாம், வேறென்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். வாக்கெடுப்போம், நான் குற்றவாளியா இல்லையா என்று நால்வரும் கை உயர்த்தட்டும் என்றார் தயாபரன்.

அப்போதுதான் மாஸ்ரர் எழுந்து நின்றார். வகுப்பில் நிற்பதுபோல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அட்டெயின்டர் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். முந்திய இங்கிலாந்தில் பாராளுமன்றம் ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி, விசாரணையில்லாமல், வெறும் வாக்கினால் அவனைக் குற்றவாளி ஆக்கும். தலையை எடுக்கும். காணியை எடுக்கும். அமெரிக்காவில் யாப்பு எழுதக் கூடியவர்கள் அதை மறக்கவில்லை. ஒரு சபை, அது எவ்வளவு நல்ல சபையாக இருந்தாலும், ஒரு பெயரைச் சொல்லித் தண்டிக்கும் சட்டம் போடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

"நாங்கள் இப்ப செய்யப்போறது அதுதான். கண்டவர் இருந்தால் இவரின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கேக்கிறம். ஆனா இது கை உயர்த்திற விசயமில்லை."

பாலா நிலத்தைப் பார்த்தபடி, கட்டடத்திலிருந்து நான் வெளியே வந்ததைச் சொன்னான். உள்ளே என்ன கதைத்தேன் என்று தெரியுமா என்று மாஸ்ரர் கேட்டார். தெரியாது என்றான். நான் தங்கச்சியின் விசயத்தைச் சொன்னேன். வாங்கி வந்த விண்ணப்பம் அறையில் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எழுந்தேன்.

"இரும்," என்றார் மாஸ்ரர். "ஒண்டும் காட்டத் தேவையில்லை. நிரூபிக்கவேண்டியது நீர் இல்லை."

அந்த விண்ணப்பத்தைக் காட்டியிருந்தால் அன்றைக்கே நேசனாவது என் பக்கம் வந்திருப்பான் என்று பல நாள் நினைத்ததுண்டு. மாஸ்ரர் விடவில்லை.

தயாபரனுக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டை எழுதி எடுத்தவர் தான், யார் இருப்பது யார் போவது என்று தான் சொல்லலாம் என்றார். அது உண்மைதான் என்று மாஸ்ரர் ஒத்துக்கொண்டார்.

"அப்ப நீர் ஒருத்தரா, உம்மட பேரில, இவரைப் போகச் சொல்லும். வீடு தீர்மானிச்சது எண்டு சொல்லாதையும். நாளைக்கு இவர் செய்யேல்லை எண்டு தெரிய வந்தால், அது நீர் மட்டும் செய்ததா இருக்கட்டும்."

தயாபரன் பாலாவைப் பார்த்தார். பாலா நேசனைப் பார்த்தான். நேசன் ஜன்னலைப் பார்த்தான். தயாபரன் கெட்டவர் இல்லை. எல்லோரோடும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்றைத் தனியே செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கார் கழுவவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்த வீட்டில் தங்கியது அப்படித்தான்.

பின்னேரம் மாஸ்ரர் பின்வளவில் காய்ந்த உடுப்பை எடுத்துக்கொண்டு நின்றார். நான் போய் நன்றி சொன்னேன். நீங்கள் ஒருவராவது என்னை நம்பினீர்களே என்று ஏதோ சொன்னேன்.

அவர் சட்டையை மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"நன்றி சொல்லாதையும் தம்பி. நீர்தான் சொல்லியிருப்பீர் எண்டுதான் நான் நினைக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"அலுவலகத்துக்குப் போனது நீர். போகேல்லை எண்டு பொய் சொன்னதும் நீர். தங்கச்சியின்ர விண்ணப்பம் நீர் ஏன் போனீர் எண்டதைக் காட்டும். வேறொண்டும் கதைக்கேல்லை எண்டதைக் காட்டாது. தங்கச்சிக்காக அவங்களுக்கு ஒரு உதவி செய்து குடுத்திருக்கலாம். எனக்கு அப்பிடித்தான் படுது." இன்னொரு சட்டையை எடுத்தார். "ஆனா எனக்குப் படுறது காணாது. அதை வைச்சு ஒரு மனிசனைத் தெருவில விடேலாது."

மற்ற மூவரும் சந்தேகித்தது என்னைக் கொதிக்க வைத்தது. இவர் சந்தேகித்தது என்னைச் சுருட்டிப் போட்டது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவரோடு இருந்த மாதங்கள்தான் விசித்திரமானவை. மற்றவர்கள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள்; பேச்சில் ஒரு சீனிப் பூச்சு இருக்கும். மாஸ்ரர் முதல் நாளிலிருந்தே பழையபடி பேசினார். நேசன் விட்ட இடத்தில் அவர் என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஆனால் தனக்கு வந்த கடிதங்களை நான் இருக்கும் மேசையில் வைப்பதை நிறுத்திவிட்டார். புதிதாக ஒரு பையன் தங்க வந்து விசா பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது, என் முன்னாலேயே, "தம்பி, அதைப் பிறகு கதைப்பம்," என்று அவனைத் தடுத்தார். ஒளிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த நவம்பரில் அரசியின் பிரதிநிதியான ஆஸ்திரேலிய மகாதேசாதிபதி பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கினார். வீடு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. மாஸ்ரர் எந்தப் பக்கமும் சேரவில்லை. ரயிலில் பத்திரிகையை மடித்து என்னிடம் தந்து, "இந்த அதிகாரம் முதலிலயிருந்து எழுதித்தான் இருந்தது. பாவிக்கமாட்டினம் எண்டு எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தவை," என்றார். அந்த ரயிலில் என்னைத் தவிர வேறு யாரோடும் அவர் அதைப் பேசியிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. என்னைக் காட்டிக்கொடுப்பவன் என்று நினைத்துக்கொண்டே என்னோடு மனம் திறந்து பேச அவரால் முடிந்தது. என்னால்தான் அதைத் தாங்க முடியவில்லை. வருட முடிவில் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். ஸ்டேஷன் வரை என் பெட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

தங்கச்சி கடைசியில் இங்கே வரவில்லை. அவளுக்குக் கொழும்பில் கல்யாணம் சரிவந்தது. 1978இல் அதற்குப் போயிருந்தபோது, வெள்ளவத்தையில் ஒரு கடை வாசலில் குகனைக் கண்டேன். உடம்பு வைத்திருந்தான். கட்டிப்பிடித்தான். தேத்தண்ணிக் கடையில் இருத்திவைத்து, உன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

ஏன் தெரியாது என்றான். தொழிற்சாலையில் ஒருவனோடு மேலதிக வேலை நேரம் பற்றிச் சண்டை. உன்னைப் பற்றிப் போன் பண்ணுவேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னானாம். செய்தும் போட்டான். குகன் அதைச் சொல்லும்போது சிரித்தான். உங்களுக்கெல்லாம் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றான். என் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போகும் வரை அதைக் குடிக்கவில்லை.

சிட்னிக்குத் திரும்பியதும் முதலில் தயாபரன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது கல்யாணமாகியிருந்தது. கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு உள்ளுக்குள் எப்போதும் தெரியும் என்றார். பாலாவும் அப்படித்தான் சொன்னான். எனக்கு அவர்களிடம் கோபம் வரவில்லை, சந்தோசமும் வரவில்லை.

மாஸ்ரர் பிளாக்டவுனில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டுக்கு மாறியிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"குகன் சொன்னவன் எண்டு நீர் சொல்லுறீர்."

"ஓம் மாஸ்ரர்."

"குகன்ர வாயால நான் கேக்கேல்லை."

மூன்று வருடம் அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்கு வந்துவிட்டது. இனியும் என்ன செய்யவேண்டும், குகனை இங்கே கொண்டுவந்து நிறுத்தட்டுமா என்று குரலை உயர்த்திக் கேட்டேன். இப்போதும் என்னைச் சந்தேகிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நேர்மையாக யோசித்தார். அந்த முகத்தில் யோசனை நடப்பதைப் பார்க்கலாம்.

"முந்தியிலும் குறைவு," என்றார். "இருந்து சாப்பிட்டிட்டுப் போம். இண்டைக்கு நான்தான் சமைச்சனான்."

சாப்பிட்டேன். உப்புக் கூட. சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். ஊரில் அம்மாவும் மாமாவும் பேசி முடித்து, பெண்ணை இங்கே அனுப்பினார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று என் வேலையிடத்து நண்பர். மற்றது யார் என்று யோசித்தபோது வேறு பெயர் மனதில் வரவேயில்லை. மாஸ்ரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்.

உள்ளே போவதற்கு முன், மணமகளோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். என்னவென்று மறுப்பது? இருவரும் வெளியே மரத்தடியில் நின்று பேசுவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளைக்கு முன் சிட்னியில் இறங்கிய பெண். கூறைச் சேலைக்கு மேல் என்னுடைய குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். அவர் ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், பிறகு ஏதோ நீளமாகச் சொன்னாள். திரும்பி வந்து, வைக்கச் சொன்ன இடத்தில், முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

விருந்து முடிந்து எல்லோரும் போனபிறகு, காரில் வீட்டுக்குப் போகும்போது, அவர் என்ன கேட்டார் என்று அவளிடம் விசாரித்தேன்.

பாஸ்போர்ட் அவளுடைய கையிலா இருக்கிறது என்று கேட்டாராம். குகன் என்றொருவனைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டாராம். சொல்லியிருக்கிறார் என்று இவள் சொன்னாளாம். தனக்கு அந்த விசயத்தில் இன்னும் முழுத் தெளிவில்லை, ஆனால் அதற்காக அவள் என்னை நம்பாமல் இருக்கத் தேவையில்லை, அவளே இருந்து பார்த்து முடிவெடுக்கட்டும் என்றாராம். ஏதாவது பிரச்சினையென்றால் எந்த நேரமும் கூப்பிடச் சொல்லித் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்.

"கலியாண நாளிலையும் மனிசன் விடேல்லை," என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா இன்னொண்டு கேட்டவர். இந்தக் கலியாணத்துக்கு உமக்கு முழுச் சம்மதமோ எண்டு. இல்லையெண்டால் இப்பவே சொல்லும், நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமா விடுறன் எண்டு சொன்னவர்." குளிர்ச்சட்டையை இழுத்து மூடினாள். "இவ்வளவு நாளும் என்னட்ட அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்."

கார் சிவப்பு விளக்கில் நின்றது. விளக்குப் பச்சையாகி, பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் நான் எடுத்தேன். இன்னும் கொஞ்சத் தூரம் போய், தெருவோரமாக நிறுத்தி, நானும் அதையே கேட்டேன்.

அவள் பக்கத்துப் பாதையால் ஒரு ரயில் போய் முடியும் வரை யோசித்தாள். பிறகுதான் "ஓம்" என்றாள்.